சுரங்கத்து நீர் வயலுக்கு வந்தால்: கன உலோக நஞ்சும் உங்கள் குடும்பத்தின் உடல்நலமும்

சுரங்கம் இருக்கும் ஊரில் வெடிச் சத்தமும் லாரிப் புழுதியும் எல்லோருக்கும் தெரியும். கண்ணுக்குத் தெரியாத தொல்லை ஒன்றும் உண்டு. தோண்டி எடுத்த தாதுவோடு வெளியே வரும் காட்மியம், ஈயம், ஆர்சனிக், பாதரசம், குரோமியம் போன்ற உலோகங்கள் தண்ணீரோடும் தூசியோடும் கலந்து வயலுக்கும் கிணற்றுக்கும் வருகின்றன. தண்ணீர் தெளிவாகவே இருக்கும். நெல் நன்றாகவே விளையும். சோற்றின் ருசியும் மாறாது. பாதிப்பு வெளியே தெரியப் பத்து, இருபது ஆண்டுகள் கூட ஆகலாம். தெரிந்த பிறகு முழுமையாகச் சரிசெய்ய முடிவதில்லை.

அதனால் சுரங்கத்தின் பக்கத்திலோ, சுரங்கப் பகுதியிலிருந்து வரும் ஆறு, ஓடையின் கீழ்ப்பகுதியிலோ நிலம் வைத்திருக்கும் விவசாயிகள் இந்த விவரங்களை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. உலோக நஞ்சு எப்படி வருகிறது, உடலில் என்ன செய்கிறது, எந்தப் பரிசோதனையைக் கேட்டுப் பெற வேண்டும், வயலிலும் வீட்டிலும் என்ன செய்யலாம் என்பதை இங்கே பார்க்கலாம்.

உலோகம் சுரங்கத்திலிருந்து எப்படி வெளியே வருகிறது?

பூமிக்கு அடியில் பாறையோடு பாறையாக இருக்கும்வரை இந்த உலோகங்களால் பெரிய தொல்லை இல்லை. தோண்டி, உடைத்து, பொடியாக்கி வெளியே கொட்டும்போதுதான் பிரச்சினை தொடங்குகிறது. முக்கியமான வழிகள் நான்கு.

1. கழிவு மேடு: தாதுவைப் பிரித்த பின் மிஞ்சும் பொடிமண் மலைபோல் குவிக்கப்படுகிறது, அல்லது குட்டையில் தேக்கப்படுகிறது. மழை பெய்தால் அது கரைந்து ஓடையில் சேரும்.

2. அமில நீர்: துத்தநாகம், ஈயம், செம்பு ஆகியவற்றின் தாதுக்களில் பெரும்பாலும் கந்தகம் கலந்திருக்கும். அந்தப் பாறையில் காற்றும் தண்ணீரும் பட்டால் கந்தக அமிலம் உண்டாகிறது. அமிலம் மற்ற உலோகங்களையும் கரைத்து இழுத்து வருகிறது. ஓடைக் கல்லில் செங்காவி நிறப் படிவு திடீரெனத் தோன்றினால், மீன், தவளை இல்லாமல் போனால் இதைச் சந்தேகிக்க வேண்டும்.

3. தூசி: காய்ந்த கழிவு மேட்டிலிருந்தும் மூடாமல் போகும் லாரியிலிருந்தும் பறக்கும் பொடி, கீரையிலும் வைக்கோலிலும் வீட்டு முற்றத்திலும் படிகிறது.

4. உருக்காலைப் புகை: தாதுவை அங்கேயே உருக்கினால் காட்மியம், ஈயம், ஆர்சனிக் ஆகியவை புகையோடு எழுந்து சுற்றுவட்டார மண்ணில் இறங்குகின்றன.

எல்லாச் சுரங்கமும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். கல்குவாரியில் முக்கியமான ஆபத்து நுரையீரலைக் கெடுக்கும் கல் தூசி. துத்தநாகம், ஈயம், செம்பு, தங்கம், வெள்ளீயம், குரோமைட் சுரங்கங்களில்தான் கன உலோக நஞ்சு பெரிய கேள்வி. உங்கள் ஊர்ச் சுரங்கத்தில் என்ன தாது எடுக்கிறார்கள், அதோடு சேர்ந்து என்ன உலோகம் வருகிறது என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஜின்சு ஆற்று விவசாயிகளுக்கு நேர்ந்தது

சுரங்கத்தால் நெல் விவசாயிகளின் உடல்நலம் எப்படிக் கெடும் என்பதற்கு உலகம் முழுவதும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது ஜப்பானில் நடந்த நிகழ்வு. நெல்லை நம்பி வாழும் எந்த ஊருக்கும் அதில் பாடம் இருக்கிறது.

ஜப்பானின் கிஃபு மாகாணத்தில் காமியோகா என்ற மலைப்பகுதியில் துத்தநாகம், ஈயம், வெள்ளி எடுக்கும் சுரங்கம் இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் அதை நடத்தியது மிட்சுயி நிறுவனம். துத்தநாகத் தாதுவோடு காட்மியமும் இயல்பாகவே கலந்திருக்கும். சுரங்கக் கழிவு தகஹாரா ஆற்றில் சேர்ந்து, அங்கிருந்து ஜின்சு ஆற்றுக்கு வந்தது. ஜின்சு ஆறு மலையை விட்டு இறங்கித் தொயாமா சமவெளிக்கு வரும் இடத்தில் வாய்க்கால் வெட்டி நெல் பயிரிட்டு வந்தார்கள். வயலுக்கும் அந்தத் தண்ணீர், குடிக்கவும் சமைக்கவும் அந்தத் தண்ணீர்.

முதலில் பாதிப்பைக் கண்டது வயல்தான். வாய்க்கால் தண்ணீர் உள்ளே நுழையும் மடைவாயில் பயிர் சரியாக வளரவில்லை என்று விவசாயிகள் குறை சொன்னார்கள். அடுத்து மனிதர்களிடம், அதிலும் பெண்களிடம் ஒரு விசித்திரமான நோய் தென்பட்டது. 1910-களிலேயே அது தொடங்கிவிட்டது என்று கருதப்படுகிறது. பல குழந்தைகளைப் பெற்ற, மாதவிலக்கு நின்ற வயதுப் பெண்களுக்கு இடுப்பிலும் தொடையிலும் வலி வரும். நடை வாத்து நடைபோல் ஆகும். பிறகு எலும்பு மெலிந்து, இருமினாலும் தும்மினாலும் கூட முறியும். படுக்கையில் கிடந்து 'இத்தாய், இத்தாய்' என்று அழுவார்கள். ஜப்பானிய மொழியில் 'வலிக்குதே, வலிக்குதே' என்று பொருள். அந்த அழுகையே நோய்க்குப் பெயராகி 'இத்தாய்-இத்தாய் நோய்' என்று ஆனது.

காரணம் தெரியாததால் அதை முன்வினை என்றார்கள். நோய் இருப்பது வெளியே தெரிந்தால் ஊர் அரிசி விலை போகாது, அந்த ஊரில் யாரும் பெண் கொடுத்துப் பெண் எடுக்க மாட்டார்கள் என்று பயந்து மறைத்த குடும்பங்களும் உண்டு. மறைத்தது நோயாளிக்கு உதவவில்லை. காரணத்தைக் கண்டுபிடிப்பதும் தாமதமானது.

உள்ளூர் மருத்துவர் நொபோரு ஹகினோ இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஊர் திரும்பி இந்த நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார். நோயாளிகளின் வீடுகள் ஜின்சு ஆற்றுத் தண்ணீர் பாயும் பகுதியில் மட்டும் இருப்பதைக் கவனித்தார். வேறு ஆற்றுத் தண்ணீர் பாயும் பக்கத்து ஊர்களில் நோய் இல்லை. 1957-இல் சுரங்கக் கழிவுதான் காரணம் என்று சொன்னார். நெற்பயிர்ச் சேதத்தை ஆராய்ந்து வந்த வேளாண் அறிஞர் கின்இச்சி யோஷியோகா, வேதியியல் அறிஞர் ஜுன் கொபயாஷி ஆகியோரோடு சேர்ந்து ஆய்வு செய்ததில் குற்றவாளி காட்மியம் என்பது 1961-இல் வெளிவந்தது. 1968-இல் ஜப்பான் அரசு இதைத் தொழிற்சாலை மாசினால் வந்த நோய் என்று ஏற்றுக்கொண்டது.

அதே 1968-இல் பாதிக்கப்பட்டவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1971-இல் தொயாமா நீதிமன்றத்திலும் 1972-இல் மேல்முறையீட்டிலும் வென்றார்கள். இழப்பீட்டோடு அவர்கள் நிற்கவில்லை. கெட்டுப்போன வயல் மண்ணைச் சரிசெய்து தர வேண்டும், சுரங்க வளாகத்துக்குள் நாங்களே நிபுணர்களோடு சென்று சோதனையிட அனுமதி வேண்டும் என்று நிறுவனத்திடம் எழுதி வாங்கினார்கள். ஆண்டுதோறும் விவசாயிகள் உள்ளே போய்க் கழிவு நீர் எப்படிப் போகிறது என்று பார்த்து வந்ததால், ஆற்று நீரில் காட்மியத்தின் அளவு இயற்கையான அளவுக்கு இறங்கியது.

வயலைச் சரிசெய்ய மட்டும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. கெட்ட மேல்மண்ணைப் புதைத்து, அதன்மேல் வேறு இடத்து நல்ல மண்ணைப் பரப்பி, 1979 முதல் 2012 வரை சுமார் 860 எக்டேர் நிலத்தை மீட்டார்கள். நோயாளி என்று அரசு ஏற்றுக்கொண்டவர்கள் சுமார் 200 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள்.

காட்மியம்: சிறுநீரகத்தில் தொடங்கி எலும்பில் முடியும்

காட்மியம் சோற்றின் வழியாகவும் கீரையின் வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாகவே உள்ளே போகிறது. போனதை உடல் எளிதில் வெளியேற்றாது. சிறுநீரகத்தில் சேர்ந்த காட்மியம் பாதியாகக் குறையவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும். எனவே ஒவ்வோர் ஆண்டும் சேருவது முந்தைய ஆண்டின் இருப்போடு கூடிக்கொண்டே போகும்.

சிறுநீரகத்தில் சத்துக்களைத் திரும்ப உறிஞ்சும் நுண்குழாய்களைக் காட்மியம் கெடுக்கிறது. உடலுக்கு வேண்டிய புரதம், கால்சியம், பாஸ்பேட் எல்லாம் சிறுநீரோடு போய்விடுகின்றன. எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து கிடைக்காமல் அது மெலிகிறது. பெண்களுக்கு ஏன் அதிகம்? இரும்புச் சத்துக் குறைவாக இருந்தால் குடல் காட்மியத்தைக் கூடுதலாக உறிஞ்சும். அடுத்தடுத்த பிரசவமும் தாய்ப்பால் கொடுப்பதும் கால்சியத்தைக் குறைத்துவிடும். சோகை பிடித்த பெண்கள் அதிகம் உள்ள ஊரில் இதைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும்.

பீடி, சிகரெட், புகையிலை பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னொரு வழியிலும் காட்மியம் சேர்கிறது. புகையிலைச் செடி மண்ணிலிருந்து காட்மியத்தை இலைக்கு நன்றாக இழுக்கும் பயிர்.

ஈயம்: குழந்தைகளின் மூளையைத் தாக்கும்

ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரியவர்கள் உறிஞ்சுவதைப்போல் நான்கைந்து மடங்கு ஈயத்தைக் குழந்தையின் குடல் உறிஞ்சும். தவழும் பிள்ளை மண்ணைத் தொட்டுக் கையை வாயில் வைப்பதால் அதற்குத்தான் ஆபத்து அதிகம். படிப்பு ஏறாமை, கவனம் நிலைக்காமை, சோகை, வயிற்று வலி, மலச்சிக்கல் ஆகியவை அறிகுறிகள். அளவு மிகுந்தால் வலிப்பு, மயக்கம், மரணம். பெரியவர்களுக்கு இரத்த அழுத்தமும் சிறுநீரகக் கோளாறும் வரும். கர்ப்பிணியின் உடலில் உள்ள ஈயம் கருவுக்கும் போகும்.

நைஜீரியாவின் ஜம்ஃபாரா மாநிலத்தில் 2010-இல் தெரியவந்த துயரம் இதற்குச் சாட்சி. அங்கே கிராமத்தார் பக்கத்தில் தங்கத் தாது தோண்டி, வீட்டு வளாகத்துக்கே கொண்டுவந்து, தானியம் அரைக்கும் இயந்திரத்தில் பொடியாக்கினார்கள். அந்தத் தாதுவில் ஈயம் மிக அதிகமாக இருந்தது. 400-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். மருந்து கொடுப்பதற்கு முன் வீட்டு முற்றங்களில் இருந்த நச்சு மண்ணை வெட்டி அகற்ற வேண்டியிருந்தது. மண் அப்படியே இருந்தால் குணமான பிள்ளைக்கு நஞ்சு மறுபடியும் ஏறிவிடும்.

மூடிய சுரங்கமும் ஆபத்துதான். ஜாம்பியாவின் காப்வே நகரில் ஈயச் சுரங்கம் 1994-இல் மூடப்பட்டது. அதற்குப் பிறகு பிறந்த குழந்தைகளின் இரத்தத்திலும் ஈயம் மிக அதிகமாக இருப்பது கண்டறியப்பட்டுள்ளது.

ஆர்சனிக், குரோமியம், பாதரசம்

ஆர்சனிக்: குடிநீரிலும் சோற்றிலும் பல ஆண்டுகள் சேர்ந்தால் தோலில் மழைத்துளி தெளித்ததுபோல் கருப்பும் வெளுப்புமான புள்ளிகள் வரும். உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துச் சொரசொரப்பாகும். தோல், சிறுநீர்ப்பை, நுரையீரல் புற்றுநோய்க்கும் இது காரணம். தாய்லாந்தின் ரொன் பிபுன் பகுதியில் வெள்ளீயச் சுரங்கக் கழிவால் கிணறுகளில் ஆர்சனிக் கலந்தது. மக்களின் தோல் நோயை வைத்தே 1987-இல் அது தெரியவந்தது.

குரோமியம்: இந்தியாவின் குரோமைட் தாதுவில் மிகப் பெரும்பகுதி ஒடிசாவின் ஜாஜ்பூர் மாவட்டம் சுகிந்தா பள்ளத்தாக்கில் இருக்கிறது. அங்கே சுரங்க நீரில் 'ஆறு இணைதிற' குரோமியம் என்ற நச்சு வகை கலப்பது நெடுங்காலப் பிரச்சினை. அந்தத் தண்ணீர் தம்சாலா ஓடை வழியாகப் பிராமணி ஆற்றுக்குப் போகிறது. தோல் புண், மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை, தூசியாக மூச்சில் போனால் நுரையீரல் புற்றுநோய் ஆகியவை இதன் பாதிப்புகள்.

பாதரசம்: சிறு தங்கச் சுரங்கங்களில் தங்கத்தைப் பிரிக்கப் பாதரசம் சேர்த்துச் சூடாக்குவார்கள். அந்த ஆவி கை நடுக்கம், மறதி, சிறுநீரகக் கோளாறு தரும். ஆற்றில் சேர்ந்தது மீனில் ஏறி, மீன் தின்பவர்களின் நரம்பைத் தாக்கும்.

மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும்?

மேலே சொன்ன அறிகுறிகள் வேறு பல நோய்களிலும் வரும். மூட்டு வலியெல்லாம் காட்மியம் என்று பயப்பட வேண்டாம். ஆனால் ஒரே வாய்க்கால், ஒரே கிணற்றை நம்பியுள்ள பல வீடுகளில் ஒரே தொல்லை இருந்தால் அதை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் சொல்லுங்கள். சுரங்கம் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்கு அந்தச் சந்தேகமே வராமல் போகலாம்.

- ஈயம்: இரத்தப் பரிசோதனை. 100 மில்லி இரத்தத்தில் 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், எங்கிருந்து ஈயம் வருகிறது என்று தேடி அதை நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்.
- காட்மியம்: சிறுநீரில் காட்மியம், 'பீட்டா-2 மைக்ரோகுளோபுலின்' என்ற புரதம். சிறுநீரகப் பாதிப்பை வலி வருவதற்கு வெகு முன்பே இது காட்டும்.
- ஆர்சனிக்: சிறுநீர்ப் பரிசோதனை. மீன், இறால், நண்டு ஆகியவற்றைச் சில நாட்கள் தவிர்த்துவிட்டுக் கொடுக்க வேண்டும்.

ஈயம் மிக அதிகமானால் அதை வெளியேற்ற மருந்து உண்டு. மருத்துவமனையில் மட்டுமே கொடுக்க வேண்டியது அது. பல ஆண்டுகளாகச் சேர்ந்த காட்மியத்தை வெளியேற்ற நிரூபிக்கப்பட்ட மருந்து இல்லை. இனிமேல் சேராமல் தடுப்பதும் எலும்பையும் சிறுநீரகத்தையும் காப்பதுமே சிகிச்சை. 'நஞ்சு முறிக்கும்' என்று சந்தையில் விற்கும் பற்பம், செந்தூரம் ஆகியவற்றைத் தகுதி பெற்ற மருத்துவர் சொல்லாமல் வாங்கிச் சாப்பிடாதீர்கள். அவற்றில் சிலவற்றில் ஈயமும் பாதரசமும் இருக்கக்கூடும்.

மண்ணையும் தண்ணீரையும் எப்படிப் பரிசோதிப்பது?

மண்வள அட்டைக்காக எடுக்கும் பரிசோதனையில் கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமச் சத்து, பேரூட்டம், நுண்ணூட்டம் என 12 விவரங்கள் இருக்கும். காட்மியமும் ஈயமும் ஆர்சனிக்கும் அதில் இல்லை. 'கன உலோகப் பரிசோதனை வேண்டும்' என்று தனியாகக் கேட்க வேண்டும். வேளாண் பல்கலைக்கழக ஆய்வகத்தையோ அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தையோ முதலில் தொடர்புகொண்டு கட்டணத்தையும் மாதிரி அனுப்பும் முறையையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் தனியாகச் செலவு செய்வதைவிட ஒரே வாய்க்கால் பாசன விவசாயிகள் சேர்ந்து செய்வது நல்லது.

மண் மாதிரி எடுக்கும்போது:

- மடைவாய் மண்ணையும் கடைமடை மண்ணையும் கலக்காதீர்கள். தனித்தனியாக எடுங்கள். உலோகம் தண்ணீரோடு வந்திருந்தால் மடைவாயில்தான் அதிகம் படிந்திருக்கும்.
- துருப்பிடித்த மண்வெட்டியைத் தவிர்த்து, 'வி' வடிவக் குழியின் பக்கச் சுவரை மூங்கில் குச்சியாலோ பிளாஸ்டிக் கரண்டியாலோ 15 செ.மீ. ஆழம் வரை சுரண்டி எடுங்கள்.
- உரச் சாக்கில் போடாமல் சுத்தமான பையில் அரை கிலோ அனுப்புங்கள். சர்வே எண்ணையும் பாசன ஆதாரத்தையும் எழுதி வையுங்கள்.
- மண்ணோடு அதே வயலில் விளைந்த நெல்லையும் அனுப்புங்கள். மண்ணில் இருப்பது முழுவதும் தானியத்துக்கு வருவதில்லை. நாம் சாப்பிடுவது தானியத்தைத்தான். வெள்ளை அரிசியில் காட்மியம் கிலோவுக்கு 0.4 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது சர்வதேச உணவுத் தர அளவு.

குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் உச்ச அளவு, லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்:

- காட்மியம்: 0.003
- ஈயம்: 0.01
- ஆர்சனிக்: 0.01
- பாதரசம்: 0.001
- மொத்த குரோமியம்: 0.05

கோடையில் ஒருமுறையும் மழை தொடங்கியதும் ஒருமுறையும் தண்ணீரைச் சோதிப்பது நல்லது. கழிவு மேட்டை முதல் மழை கழுவும்போது அளவு கூடும்.

நெல்லில் நீர் நிர்வாகம்: உலோகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

தண்ணீரை மிச்சப்படுத்தக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டச் சொல்வது வழக்கம். நல்ல நிலத்தில் அது சிறந்த முறைதான். ஆனால் காட்மியம் உள்ள வயலில் அதுவே கெடுதலாகிவிடும்.

வயலில் தண்ணீர் நிற்கும்போது மண்ணில் காற்று இருக்காது. அப்போது காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாத பொருளாகி மண்ணிலேயே தங்கிவிடும். வயல் காய்ந்து வெடித்துக் காற்று உள்ளே போனால் அது மறுபடியும் கரைந்து வேர் வழியாகக் கதிருக்கு ஏறும். அதனால் ஜப்பானில் இப்படிப்பட்ட வயல்களில் கதிர் வெளிவருவதற்கு மூன்று வாரம் முன்பிருந்து, வெளிவந்த பின் மூன்று வாரம் வரை தண்ணீர் வற்றாமல் நிறுத்தச் சொல்கிறார்கள்.

ஆர்சனிக்குக்கு இது நேர் எதிர். தண்ணீர் நிற்க நிற்க ஆர்சனிக் கரைந்து பயிருக்குப் போகும். அங்கே காய்ச்சலும் பாய்ச்சலும்தான் உதவும். எனவே எந்த உலோகம் என்று தெரியாமல் முறையை மாற்றாதீர்கள். இன்னொன்று: பாயும் தண்ணீரே மாசாக இருந்தால் அதைத் தேக்குவது வயலில் நஞ்சைக் கூட்டுவதாகும். அப்போது வேறு பாசன ஆதாரம்தான் முதல் வேலை.

பயிர், உரம், கால்நடை

- மண் அமிலமாக இருந்தால் காட்மியம் அதிகம் கரையும். பரிசோதனை முடிவுப்படி சுண்ணாம்பு இட்டு அமிலத் தன்மையைக் குறைத்தால் பயிர் எடுப்பது குறையும். ஏற்கெனவே களர் மண்ணாக இருந்தால் சுண்ணாம்பு தேவையில்லை. ஆர்சனிக் உள்ள நிலத்தில் நிபுணரைக் கேட்காமல் இடவேண்டாம்.
- மட்கிய தொழு உரம் உலோகத்தைப் பிடித்து வைக்கும். துத்தநாகப் பற்றாக்குறை இருந்தால் பயிர் காட்மியத்தைக் கூடுதலாக எடுக்கும், எனவே அதைச் சரிசெய்யுங்கள். பாறைப் பாஸ்பேட்டிலிருந்து வரும் மணிச்சத்து உரங்களிலும் ஓரளவு காட்மியம் இருப்பதால் பரிந்துரைக்கு மேல் இடாதீர்கள்.
- கீரையும் புகையிலையும் காட்மியத்தை அதிகம் ஏற்றும். கிழங்குகளில் ஈய மண் ஒட்டியிருக்கும், கழுவித் தோல் சீவ வேண்டும். காய், பழ வகைகளில் பொதுவாகக் குறைவு.
- அளவு மிகுந்த நிலத்தில் உணவுப் பயிரை விட்டு வேறு பயிருக்கு மாறுவதும் வழி. தாய்லாந்தின் மே சொத் பகுதியில் துத்தநாகச் சுரங்கத்தின் கீழே இருந்த நெல் வயல்களில் காட்மியம் கண்டறியப்பட்ட பின், எரிபொருள் எத்தனால் தயாரிக்கும் கரும்புக்கு மாற ஊக்கம் கொடுத்தார்கள்.
- கழிவு மேட்டிலும் கழிவுக் குட்டை ஓரத்திலும் ஆடு மாடு மேய்க்காதீர்கள். பல்லைக் கடித்தல், கண் தெரியாமல் சுவரில் முட்டுதல், வலிப்பு ஆகியவை மாட்டுக்கு ஈய நஞ்சு ஏறியதன் அறிகுறிகள். அங்கே மேய்ந்த கால்நடையின் ஈரலையும் சிறுநீரகத்தையும் சாப்பிட வேண்டாம். ஈயம் கலந்த முற்றத்தில் மேயும் கோழியின் முட்டையிலும் ஈயம் வரும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

- தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உலோகம் போகாது. தண்ணீர் ஆவியாகி அளவு கூடத்தான் செய்யும். சாதாரண வடிகட்டியும் கரைந்த உலோகத்தை நீக்காது. ஆர்.ஓ. இயந்திரம் பெரும்பகுதியை நீக்கும். அதன் கழிவு நீரைச் சமையலுக்கோ கீரைப் பாத்திக்கோ விடாதீர்கள்.
- ஆர்சனிக் உள்ள அரிசியை நல்ல தண்ணீர் நிறைய விட்டு வேகவைத்துக் கஞ்சியை வடித்தால் கணிசமாகக் குறையும். அந்தக் கஞ்சியைக் குடிக்கவோ மாட்டுக்கு வைக்கவோ கூடாது. காட்மியத்துக்கு வடிப்பதால் பெரிய பலன் இல்லை.
- ஆண்டு முழுவதும் ஒரே வயல் நெல்லைச் சாப்பிடும் வீட்டில்தான் நஞ்சு அதிகம் சேரும். பரிசோதனை முடிவு வரும்வரை வேறு பகுதி அரிசியையும் கேழ்வரகு, கம்பையும் கலந்து சாப்பிடுங்கள்.
- இரும்பும் கால்சியமும் போதிய அளவு இருந்தால் ஈயமும் காட்மியமும் குறைவாகவே உறிஞ்சப்படும். நல்ல நிலத்தில் விளைந்த முருங்கைக் கீரை, கேழ்வரகு, பால், பயறு ஆகியவற்றைக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுங்கள். சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொல்லுங்கள்.
- சுரங்க வேலைக்குப் போய் வருபவர் குளித்து உடை மாற்றிய பிறகு பிள்ளையைத் தூக்கட்டும். அந்த உடையைத் தனியாகத் துவைக்க வேண்டும். வீட்டைப் பெருக்குவதைவிட ஈரத் துணியால் துடைப்பது நல்லது.
- கழிவு மேட்டு மண்ணை வீடு கட்டவும் முற்றம் மேடாக்கவும் கொண்டுவராதீர்கள்.

யாரிடம் முறையிடுவது?

பரிசோதனை அறிக்கை கையில் இருந்தால் உங்கள் பேச்சுக்கு வலு கூடும். எந்தத் தேதியில் தண்ணீர் நிறம் மாறியது, எந்த மடையில் பயிர் கருகியது, எந்த வீட்டில் யாருக்கு என்ன நோய் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அலைபேசியில் தேதியோடு படம் எடுங்கள்.

மாவட்ட ஆட்சியர் நடத்தும் மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் நகல் அனுப்புங்கள். சுரங்கத்துக்கு அளித்த அனுமதியில் கழிவு நீர் பற்றி என்ன நிபந்தனை உள்ளது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெறலாம். சுரங்கம் உள்ள மாவட்டங்களில் 'மாவட்ட கனிம அறக்கட்டளை' நிதி இருக்கிறது. பாதிக்கப்பட்ட பகுதியின் குடிநீர், சுகாதாரம், சுற்றுச்சூழல் ஆகியவற்றுக்கு முன்னுரிமை கொடுத்துச் செலவிட வேண்டிய பணம் அது. பரிசோதனைச் செலவையும் மாற்றுக் குடிநீரையும் அதிலிருந்து கேட்கலாம். அதற்கு மேல் போக வேண்டியிருந்தால் சென்னையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உள்ளது. புதிய சுரங்கத்துக்கோ விரிவாக்கத்துக்கோ கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால் தவறாமல் போய், கழிவு மேட்டு நீர் எந்த ஓடைக்குப் போகும் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

ஜின்சு ஆற்றங்கரையில் நோய் தோன்றியதற்கும் காரணம் தெரிந்ததற்கும் இடையே ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் போய்விட்டன. அன்று காட்மியத்தைச் சந்தேகிக்க யாருக்கும் தெரியவில்லை. இன்று ஒரு கைப்பிடி நெல்லும் ஒரு பாட்டில் தண்ணீரும் கொடுத்தால் ஆய்வகம் சொல்லிவிடும். சுரங்கத்துத் தண்ணீர் உங்கள் வாய்க்காலில் கலக்கிறது என்றால், அடுத்த போகம் விதைப்பதற்கு முன் அந்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள்.